வீட்டுத் தோட்டத்துக்கு மின்சார ஷ்ரெடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளை, தழை, ஓலையை நறுக்கித் தரும் மின்சார ஷ்ரெடர் இப்போது நம் ஊர்த் தோட்டங்களிலும் கண்ணில் படுகிறது. தென்னை நாலு, மா ஒன்று, வேலியோரம் செம்பருத்தி என்று வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சி இதுதான்: கடையில் மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் குப்பையைப் பாருங்கள். எந்த மெஷின், எத்தனை வாட்ஸ், வாங்கவே வேண்டுமா என்பதையெல்லாம் அந்தக் குப்பைதான் தீர்மானிக்கிறது.

மாட்டுக்குத் தீவனம் வெட்டுற மெஷினும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. தீவனம் நறுக்கும் மெஷின் சோளத்தட்டு, நேப்பியர் புல் போன்ற மென்மையான தண்டுகளுக்காகச் செய்தது. அதில் பெரிய கத்திகள் சக்கரத்தோடு சுழன்று புல்லைத் துண்டு போடும். விரல் கனமுள்ள மாங்கிளையைக் கொடுத்தால் கத்தி பல் விழும், சக்கரம் நின்றுவிடும். ஷ்ரெடர் மரக்கிளைக்காகவே வந்தது. கை எட்டாத ஆழத்தில் வெட்டும் பகுதி இருக்கும். வாயும் குறுகலாக இருக்கும்.

மாடு வைத்திருப்பவர்கள் தீவன மெஷினிலேயே தென்னங்கீற்றை நறுக்கி எருக்குழியில் போடுகிறார்கள். கீற்றுக்கு மட்டும் அது நன்றாகவே உதவும். ஆனால் பாதுகாப்பு மூடி இல்லாத பழைய தீவன மெஷின்களில் கை போனவர்கள் நம் கிராமங்களில் உண்டு. மூடி இல்லாத மெஷினை எந்த வேலைக்கும் தொடாதீர்கள்.

மாடித் தோட்டம் மட்டும்தான் வெச்சிருக்கேன், வாங்கலாமா?

வேண்டாம். கத்தரி, வெண்டை, தக்காளிச் செடிகளின் கழிவை ஒரு நல்ல செக்கேட்டராலேயே (கிளை வெட்டும் கைக்கத்தரி) இரண்டு அங்குலத் துண்டாக்கிவிடலாம். அந்தப் பணத்துக்கு மண்புழு உரத் தொட்டி வாங்குங்கள். காய்ந்த சருகு மட்டும் நிறைய விழும் வீட்டுக்கும் ஷ்ரெடர் தேவையில்லை. புல் வெட்டும் மெஷின் இருந்தால் சருகை மெல்லிசாகப் பரப்பி அதன் மேல் ஓட்டினாலே பொடியாகும்.

ஷ்ரெடர் யாருக்கு வேண்டும்? வருஷத்தில் இரண்டு மூன்று முறை கவாத்து செய்து, ஒவ்வொரு முறையும் ஆள் உயரத்துக்குக் கிளை குவிகிறவர்களுக்கு. மா, கொய்யா, எலுமிச்சை, மருதாணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, வேலிச் செடிகள் என்று மரத்தண்டு உள்ளவை நாலைந்தாவது இருந்தால் யோசிக்கலாம்.

எரிச்சுட்டா பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுடுமே?

குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருக்கிறார்கள். தோட்டக் கழிவைத் தனியாக வைத்து உள்ளாட்சி சொல்லும் முறையில்தான் அகற்ற வேண்டும். பச்சைக் கிளை எரியும்போது வரும் புகை, மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு எவ்வளவு கொடுமை என்று பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டால் தெரியும்.

அதைவிட எனக்கு மனசு கேட்காத விஷயம், அந்தக் கிளையில் இருப்பது உங்கள் மண்ணிலிருந்து போன சத்து. எரித்தால் தழைச்சத்தும் (நைட்ரஜன்) கரிமமும் (கார்பன்) காற்றோடு போய், மிஞ்சுவது ஒரு கூடை சாம்பல். நறுக்கிப் போட்டால் அந்தச் சத்து அதே மரத்தடிக்குத் திரும்புகிறது.

பிளேடு வெச்சதா, உருளை வெச்சதா? கடைக்காரர் ரெண்டும் நல்லதுங்கறார்.

பிளேடு வகையில் ஒரு தட்டில் பொருத்திய கத்திகள் நிமிடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் சுற்று வேகத்தில் சுழலும். எடை குறைவு, விலையும் குறைவு. தழையும் பச்சைக் குச்சியும் பொடிப்பொடியாக வரும். குறை என்னவென்றால் சத்தம் காதைப் பிளக்கும், கிளையை நாமேதான் தள்ள வேண்டும், கத்தி சீக்கிரம் மழுங்கும்.

உருளை வகையில் பல் வைத்த உருளை நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்றுதான் சுற்றும். கிளையைத் தானே இழுத்து, எதிரே உள்ள அலுமினியத் தகட்டில் அழுத்தி நறுக்கிவிடும். சத்தம் குறைவு, சிக்கினால் பின்பக்கமாகச் சுற்ற வைக்கும் வசதியும் பெரும்பாலும் உண்டு. துண்டுகள் நசுங்கி வருவதால் சீக்கிரம் மக்கும். ஆனால் இருபது, முப்பது கிலோ எடை இருக்கும். ஈரமான தழையை மட்டும் போட்டால் உருளையில் ஒட்டிக்கொண்டு பிசினாகிவிடும்.

உங்கள் குவியலில் கிளை அதிகமா, தழை அதிகமா? கிளை என்றால் உருளை, தழையும் மெல்லிய குச்சியும் என்றால் பிளேடு. இரண்டும் சரிபாதி என்றால் நான் உருளையைத்தான் சொல்வேன். சத்தமும் கத்தி பராமரிப்பும் குறைவான மெஷினைத்தான் நாம் தொடர்ந்து வெளியே எடுப்போம்.

"40 மி.மீ. கிளை வரை" என்று போட்டிருக்கே, நிஜமாவே போகுமா?

போகும், ஆனால் தொடர்ந்து போகாது. அந்த அளவு நேராக உள்ள, பச்சையான, மென்மையான மரத்துக்கு. நம் ஊர்ப் புளி, வேம்பு, காய்ந்த கொய்யா எல்லாம் கெட்டி. எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு கனத்தை உங்கள் அன்றாட அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கனமானது விறகு. வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார்கள்.

2500 வாட்ஸ்னு சொல்றாங்க. சாதாரண பிளக்குல சொருகலாமா?

கூடாது. 2500 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். சுவரில் இருக்கும் சின்ன மூன்று துளை பிளக் 6 ஆம்பியருக்கானது. கீசர், ஏசி சொருகுகிற பெரிய 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். அந்த லைனில் எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஈர மண்ணில் நின்றுகொண்டு இயக்கும் மெஷின் இது. கசிவு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்சிசிபிதான், எம்சிபி (அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழும் சுவிட்ச்) அந்த வேலையைச் செய்யாது.

வாட்ஸ் பக்கத்தில் எஸ்6, 40 சதவீதம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பத்து நிமிடத்தில் நாலு நிமிடம்தான் முழுச் சுமை, மீதி ஆறு நிமிடம் சுமையில்லாமல் ஓட வேண்டும் என்று அர்த்தம். கிளை எடுத்து, சீவி, கொடுக்கும் வேகத்தில் இது தானாகவே நடந்துவிடும். இருவர் நின்று இடைவிடாமல் திணித்தால்தான் மோட்டார் சூடாகும்.

வீட்டு இன்வெர்ட்டரில் இதை ஓட்ட முடியாது. மின்னழுத்தம் குறைந்து ஃபேன் மெதுவாகச் சுற்றும் கோடை மாலைகளிலும் ஓட்டாதீர்கள். குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டார் திணறிச் சூடேறும்.

தோட்டம் பின்னாடி இருக்கு. எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டலாமா?

ஓட்டலாம், ஒயர் சரியாக இருந்தால். டிவிக்கு வைத்திருக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிவிடும். எர்த் ஒயரோடு சேர்த்து மூன்று கோர் உள்ள, 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில், ஒரு முனையில் 16 ஆம்பியர் பிளக்கும் மறுமுனையில் 16 ஆம்பியர் சாக்கெட்டும் போட்டு எலக்ட்ரீஷியனிடம் செய்து வாங்குங்கள். சுருளாகச் சுற்றி வைத்த ஒயரை முழுவதும் பிரித்துப் போட்ட பிறகே மெஷினை ஓட்டுங்கள். சுருளுக்குள் சூடு தங்கி உறை இளகிவிடும். இணைப்பு புல் ஈரத்தில் கிடக்காமல் ஒரு ஸ்டூல் மேல் இருக்கட்டும்.

கரண்ட் பில் எகிறுமா?

இல்லை. முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டரை யூனிட். மாதத்தில் ஒரு நாள் ஓட்டுகிறவருக்கு இது பில்லில் தெரியவே தெரியாது.

தென்னை மட்டை போடலாமா? இதுக்காகத்தான் வாங்கவே நினைக்கிறேன்.

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, நியாயமும் அதுதான். ஒரு தென்னை மாதம் ஒரு மட்டை கழிக்கும். நாலு மரம் என்றால் வருஷத்துக்கு ஐம்பதை ஒட்டி. வீட்டு உபயோக ஷ்ரெடரில் முழு மட்டையைப் போட முடியாது. மட்டையின் அடிப்பகுதி உள்ளங்கையை விட அகலம், உள்ளே முழுக்க நார். பிளேடு வகையாக இருந்தால் கத்தியைத் தடவிக்கொண்டே நிற்கும்; உருளை வகையில் பிளவுபட்டு நாராக உரிந்து அச்சில் சுற்றிக்கொள்ளும்.

மட்டையை மூன்றாகப் பிரியுங்கள். மரத்தோடு ஒட்டியிருந்த அகலமான அடியை அரிவாளால் வெட்டித் தனியே வையுங்கள். அது காய்ந்தால் அடுப்புக்கு, இல்லையென்றால் பாத்தி ஓரம் கட்ட. நடு நரம்பின் மெல்லிய மேல் பாதியை, கனம் பார்த்து, உருளை மெஷினுக்குக் கொடுக்கலாம். கீற்றை நரம்பிலிருந்து சீவி எடுத்து, விளக்குமாற்றுக்கு வேண்டிய ஈர்க்கை உரித்துக்கொண்டு, மீதியைக் குச்சிகளோடு கலந்து போடுங்கள். கீற்றை மட்டும் கட்டுக்கட்டாகத் திணித்தால் சுற்றிக்கொள்ளும். ஒரு பிடி கீற்று, அப்புறம் ஒரு கிளை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் கிளை கீற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பன்னாடையும் பாளையும் வேண்டவே வேண்டாம்.

பத்து இருபது தென்னை இருக்கிறது என்றால் இந்த மெஷின் உங்களுக்கு இல்லை. முழு மட்டையை விழுங்கும் மெஷின்கள் தனியாக இருக்கின்றன. அவற்றுக்கு வீட்டு மோட்டாரை விடப் பெரிய மோட்டாரோ டிராக்டரோ வேண்டும், பல மாடல்களுக்கு மும்முனை இணைப்பும். அதை வாங்குவதைவிட வாடகைக்குக் கூப்பிடுவதே லாபம்.

வாழை, முருங்கை, வேப்பிலை, காகிதப்பூ... எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?

வாழை மட்டையும் தண்டும் வேண்டாம். நாரும் தண்ணீருமாக இருப்பதால் எந்த மெஷினையும் அடைத்துவிடும். கத்தியால் நறுக்கி மரத்தடியில் போட்டால் தானே மக்கும். முருங்கைக்கிளை வெண்ணெய் மாதிரி போகும். வேப்பங்கிளையும் போடலாம், மூடாக்குக்கு (மண்ணை மூடிப் பரப்புவதற்கு) நல்லது. மண்புழுத் தொட்டிக்கு மட்டும் அதிகம் கொடுக்காமல், கொஞ்சம் மக்க வைத்துக் கொடுங்கள்.

காகிதப்பூ, எலுமிச்சை முள் நறுங்கினாலும் முனை மிஞ்சும். அந்தத் துண்டுகளை நடமாடும் இடத்தில் மூடாக்காகப் போடாமல் குழிக்கு அனுப்புங்கள். எருக்கு வேண்டாம், அதன் பால் தெறித்துக் கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும். அரளியும் விஷச்செடி, அதன் தூளும் சாறும் நமக்கு ஆகாது. ஆடு மாடு இருக்கும் வீட்டில் அரளித் துண்டு ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது. பார்த்தீனியம் அரிப்பையும் ஒவ்வாமையையும் கிளப்பும். கோரையும் அருகும் வேறு விதத்தில் ஆபத்து: கோரையின் கிழங்கும், வெட்டிய அருகின் கணுவும் புதுச் செடியாகிவிடும்.

வேரோடு பிடுங்கிய எதையும் மண்ணோடு போடாதீர்கள். ஒரு சின்னக் கல் போதும், கத்தியில் பல் விழ.

பச்சையா போடணுமா, காய வெச்சா?

கிளை என்றால் வெட்டிய ஓரிரு நாளுக்குள், பச்சையாக. காய்ந்த கிளை கல் மாதிரி இறுகி, கத்தியையும் மோட்டாரையும் சோதிக்கும். தழை என்றால் நேர்மாறு. அரை நாள் வெயிலில் வாட விட்டால் ஒட்டாது. மழை ஈரம் சொட்டச் சொட்டப் போடாதீர்கள், மழையில் மெஷினையும் வெளியே வைக்காதீர்கள்.

நடுவுல சிக்கி நின்னுடுச்சுன்னா?

உருளை வகை என்றால் நிறுத்தி, முழுதும் நின்றதும் பின்சுற்றுக்கு மாற்றி ஓட்டினால் பாதிக்கு மேல் தானே வெளியே தள்ளிவிடும். அப்படியும் வராவிட்டாலும், பிளேடு வகையாக இருந்தாலும் ஒரே வழிதான்: சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, உள்ளே சுழற்சி நின்றுவிட்டதா என்று காதால் கேட்டு, அப்புறம்தான் மூடியைத் திறக்க வேண்டும். சுவிட்ச் மட்டும் அணைத்தால் போதாது. பிளேடு வகை, மின்சாரம் போன பிறகும் சில வினாடிகள் சுழலும்.

மெஷின் தானாக நின்று மறுபடி ஓடவில்லை என்றால் பெரும்பாலும் அதிகச் சுமைப் பாதுகாப்பு வேலை செய்திருக்கும். அடைப்பை எடுத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் ஆற விட்டு, ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். அடிக்கடி இப்படி ஆனால் கிளை கனம், ஒயர் கனம், மழுங்கிய கத்தி என்ற வரிசையில் பாருங்கள்.

வெட்டாம நசுக்கி, மாலை மாதிரி தொங்கவிடுது. ரிப்பேரா?

உருளை வகை வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இதைக் கேட்கிறார்கள். ரிப்பேர் இல்லை. எதிர்த்தகடு தேய்ந்து உருளையிலிருந்து விலகியிருக்கிறது, அதனால் பட்டை அறுபடாமல் துண்டுகள் கோத்த மாதிரி வருகின்றன. மெஷின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். மெஷினை வெறுமனே ஓட விட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். உருளை தகட்டை லேசாக உரசும் சத்தம் கேட்கும், கீழே வெள்ளி நிறத்தில் மெல்லிய அலுமினியச் சீவல் விழும். விழுந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் திருகினால் தகடு வீணாகத் தேயும்.

பிளேடு வகையில் இதே மாதிரி வந்தால் கத்தி மழுங்கிவிட்டது. பல மாடல்களில் கத்திக்கு இரு பக்கமும் கூர் உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையுறை போட்டு, கழற்றித் திருப்பி மாட்டலாம். சாணை பிடிக்கக் கொடுத்தால் எல்லாக் கத்தியையும் ஒரே அளவு தேய்க்கச் சொல்லுங்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் மெஷின் அதிர ஆரம்பிக்கும்.

லுங்கி, நைட்டியோட ஓட்டக் கூடாதுன்னு சொல்றாங்களே, அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். கிளை உள்ளே போகும்போது சுழன்று துடிக்கும். அதன் கவட்டையில் துப்பட்டா, முந்தானை, அவிழ்ந்த வேட்டி நுனி மாட்டினால் கிளையோடு சேர்த்து இழுக்கும். உருளை வகை மெதுவாகச் சுற்றுவதால் சாது என்று நினைக்க வேண்டாம், அது பிடித்ததை விடாது. உடம்போடு ஒட்டிய உடை, கட்டிய முடி, மூடிய செருப்பு, கண்ணாடி, பிளேடு வகைக்குக் காது மூடியும் வேண்டும். கையுறை மணிக்கட்டில் இறுக்கமாக இருக்கட்டும்.

நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். கடைசித் துண்டைக் கையால் தள்ளாதீர்கள். மெஷினோடு வந்த தள்ளுகட்டை இருக்கும், இல்லையென்றால் அடுத்த கிளையால் தள்ளுங்கள். மெஷின் ஓடும்போது குழந்தைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்துக்குச் சண்டைக்கு வர்றார்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், பிளேடு வகை பக்கத்தில் அதை எளிதாகத் தாண்டும். காலை பத்து மணிக்கு மேல், மதியத் தூக்கத்துக்கு முன், முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓட்டுங்கள். அவர் வீட்டுக் கிளையையும் நறுக்கிக் கொடுத்தால் சண்டை பாதி தீரும்.

நறுக்கினதை அப்படியே செடிக்குப் போடலாமா? தழைச்சத்தை இழுத்துக்கும்னு சொல்றாங்களே?

மண்ணோடு கலந்தால் இழுக்கும். மரத்துண்டில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து சொற்பம். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால் செடி கொஞ்ச காலம் வெளிறும். மேலே மூடாக்காகப் பரப்பினால், துண்டு மண்ணைத் தொடும் மெல்லிய பரப்போடு அந்த இழுப்பு நின்றுவிடும், ஆழத்தில் இருக்கும் வேர் பாதிக்கப்படாது. கீரைப் பாத்தி, நாற்று மட்டும் விதிவிலக்கு. அங்கே மக்கியதைத்தான் போட வேண்டும்.

மரத்தடியில் மூன்று அங்குல உயரம் போதும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும். வீட்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம், கரையான் வரும்.

ஆறு மாசம் ஆச்சு, குழியில போட்டது மக்கவே இல்லை.

காரணம் முந்தின பதிலில் இருக்கிறது: தழைச்சத்து போதவில்லை. கம்போஸ்ட் நன்றாக வர, கரிமம் 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு வேண்டும். துண்டுகளோடு சாணம், சமையலறைக் கழிவு, பச்சைப் புல், அகத்தி அல்லது கிளிரிசிடியா தழை ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, சாணிக் கரைசல் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடையில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. நம் வெயிலில் பெரும்பாலான குழிகள் மக்காமல் கிடப்பது காய்ந்துபோவதால்தான்.

தென்னங்கீற்று அதிகம் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், யூட்ரிலஸ் வகை மண்புழுவைக் கொண்டு தென்னை ஓலையை உரமாக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. ஓலை எடையில் பத்தில் ஒரு பங்கு சாணம் கலந்து, இரண்டு மூன்று வாரம் மக்க விட்டு, அப்புறம் புழுவை விடுவார்கள். நறுக்கிய கீற்று என்றால் வேலை இன்னும் சுலபம்.

குவியலைக் கிளறினா வெள்ளையா, தடியா புழு. உரத்துக்கு நல்லதா, கெட்டதா?

விரல் கனத்தில், அரைவட்டமாகச் சுருண்டு, பழுப்புத் தலையோடு இருந்தால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். எருக்குழியும் மக்கும் மரத்தூளும்தான் அது முட்டையிடும் இடம். உரத்தை அது கெடுக்காது, ஆனால் வண்டாகி வெளியே வந்ததும் தென்னங்குருத்தைத் துளைக்கும். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியது போல் முக்கோண வெட்டு தெரிந்தால் அது இந்த வண்டின் வேலை. தென்னை வைத்திருப்பவர் ஷ்ரெடர் வாங்கிக் குவியல் போடும்போது இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை குவியலைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள். கோழி இருந்தால் அவிழ்த்து விட்டால் போதும். வண்டு இரவில்தான் பறந்து வரும் என்பதால் மாலையில் வலையால் மூடுங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் குவியலில் கலந்தால் புழு நோய்ப்பட்டுச் சாகும். வேளாண் இடுபொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

நோய் வந்த செடியை நறுக்கிப் போட்டா தோட்டம் முழுக்கப் பரவாதா?

எந்த நோய் என்பதைப் பொறுத்தது. வெண்டையில் வரும் மஞ்சள் நரம்பு நோய் போன்ற வைரஸ் நோய்கள் வெள்ளை ஈ மூலம் உயிருள்ள செடிக்குத்தான் தாவும். செடி காய்ந்து மக்கினால் பயமில்லை. ஆனால் திடீரென்று வாடிச் செத்த தக்காளி, கத்தரியும், வேரில் முடிச்சு முடிச்சாக நூற்புழு கண்ட செடியும் மண் வழியே பரவுகிறவை. அவற்றைக் குழிக்கும் மூடாக்குக்கும் சேர்க்காதீர்கள். கட்டித் தனிக் குப்பையாகக் கொடுத்துவிடுங்கள். மரக்கிளையில் பூஞ்சாணம் இருந்தால், குவியல் நன்றாகச் சூடேறி, உள்ளே 55 டிகிரி செல்சியஸ் மூன்று நாளாவது நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். உள்ளே கையை விட்டால் உள்ளங்கை தாங்காத சூடு இருக்க வேண்டும்.

நாலு வீடு சேர்ந்து ஒண்ணு வாங்கலாமா? பழசா கிடைச்சா எடுக்கலாமா?

சேர்ந்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். தனி வீட்டில் இது வருஷத்தில் முக்கால்வாசி நாள் சும்மா கிடக்கும். அப்படி வாங்கினால் உருளை வகையே எடுங்கள். சக்கரம் நல்லதாக இருக்கிறதா பாருங்கள். ஓட்டத் தெரிந்த ஒருவர் பொறுப்பில் மெஷினை வையுங்கள். கத்தியும் தகடும் மாற்றும் செலவை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

பழசு எடுப்பதாக இருந்தால் கடையில் அல்ல, விற்பவர் வீட்டிலேயே, அவர் வீட்டுக் கிளையையே கொடுத்து ஓட்டிப் பாருங்கள். மூடியைத் திறந்தால் மெஷின் ஓடாமல் இருக்க வேண்டும். யாராவது அந்தப் பாதுகாப்பு சுவிட்சைக் கட்டிப்போட்டிருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். கத்தி அல்லது தகடு இந்த மாடலுக்கு இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே விலை பேசுங்கள். மோட்டாரை எந்த ஊர் வைண்டிங் கடையிலும் கட்டித் தருவார்கள், ஆனால் அந்த அலுமினியத் தகட்டுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்.